இறக்கை யாருக்கு?



விருந்தாளி வந்தால் வீட்டில் கோழிக்கறிதான். தொடை ரெண்டும் வந்தவங்களுக்கு. நெஞ்சுக்கறி ஆம்பளைங்களுக்கு, ஈரல் சின்னப் பிள்ளைங்களுக்கு. கடைசியில் சட்டியில் கிடக்கிற கழுத்தும் இறக்கையும்தான் சமைச்ச அம்மாவுக்கு. "எனக்கு இறக்கைதான் பிடிக்கும்"னு எங்கம்மா சொல்லும். அது ஆசையா, சமாதானமா?

என் கருத்து இதுதான்: இறக்கையை விருந்தாளி இலைக்கே கொண்டு வருவோம். சமைச்சவங்களும் அதே பந்தியில் உட்காரணும்.

இறக்கை மட்டமான கறி இல்லை. எலும்பை ஒட்டின கறி, மேலே தோல், கொழுப்பு. அதனால் வறுத்தாலும் நெஞ்சுக்கறி மாதிரி சக்கையாகாது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இறக்கையை சூப்புக்குத்தான் போட்டாங்க. 1964-இல் பஃபலோ நகரத்தில் ஆங்கர் பார் என்ற கடையில் டெரசா பெல்லிசிமோ என்ற பெண்மணி அதைப் பொரித்து, காரச் சாறில் புரட்டி வைத்தார். இன்று உலகமே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது!

நமக்கு அந்தச் சாறு தேவையில்லை. செட்டிநாட்டு ஊர்கள் நம்ம திருமயம் பக்கமும் இருக்கே, மிளகும் சோம்பும் போதும்.

கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி, தோலோடு ஒரு கிலோ இறக்கை வாங்குங்க. பத்துப் பன்னிரண்டு நிற்கும். நுனியை வெட்டி ரசத்துக்கு வைங்க. மிளகு 2 தேக்கரண்டி, சோம்பு 1, காய்ந்த மிளகாய் 4 வறுத்துப் பொடிக்கணும். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துப் பிசறி ஒரு மணி நேரம் ஊறட்டும். இரும்புச் சட்டியில் கொஞ்சம் கடலெண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் வறுங்க. மூட்டைப் பிரிச்சா ரத்தச் சிவப்பு தெரியக் கூடாது. கடைசியில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. அவ்வளவுதான்!

"இறக்கை வச்சா சித்தப்பா கோவிச்சுக்குவாரே"ன்னு கேட்பீங்க. ஒரு கோழிக்குத் தொடை ரெண்டுதான், அதனால்தான் பெரிய ஆள், சின்ன ஆள் பார்க்க வேண்டியிருக்கு. இதில் 12 இறக்கை, ஆறு பேர், ஆளுக்கு ரெண்டு. சித்தப்பாவுக்கும் ரெண்டு, அம்மாவுக்கும் ரெண்டு. கணக்கு சரியா?

"பொம்பளைங்க பந்தி முடிஞ்சு சாப்பிடுறதுதான் வழக்கம்"னு சிலர் சொல்வாங்க. வழக்கம் மாறாதா என்ன? 1990-களின் தொடக்கத்தில் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அப்ப கேலி பண்ணின ஊரில்தான் இன்று நாங்க சைக்கிளில் பள்ளிக்கூடம் வர்றோம். பெண்கள் சைக்கிள் பழகினாங்க. மாணவர்களே, நீங்க அடுப்படி பழகக் கூடாதா? கறி பிசறவும் திருப்பிப் போடவும் ரெண்டு கை இருந்தால் போதும்.

விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே எழுதி வச்சிருக்கார். மனப்பாடம் பண்ணி மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது. வந்தவங்க வயிறு நிறையணும், சமைச்சவங்க வயிறும் ஆறின சோற்றில் நிறையக் கூடாது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் விருந்து? அம்மாவுக்கும் சேர்த்து ஒரு இலை போடுங்க!

– பத்தாம் வகுப்பு மாணவி