டிராக்டர் வந்த மறுநாள்

சித்தூர், திருப்பதி, மதனப்பள்ளி, புத்தூர், நகரி, குப்பம் என்று பரவிக் கிடக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், மாமா அத்தைகளுக்கும், குவைத்திலிருந்து ஊர்ப் பிள்ளை ஒருவன் எழுதும் திறந்த மடல்.

2020 கோடையில் குவைத்தின் ஃபர்வானியா வட்டாரத்தை வாரக்கணக்கில் அடைத்துப் போட்டிருந்தார்கள். வேலையும் இல்லை, ஊருக்கு வழக்கமான விமானமும் இல்லை. அறைகளில் முடங்கிக் கிடந்த ராயலசீமைக்காரர்களின் கைபேசிகளில் ஜூலைக் கடைசியில் ஒரே வீடியோ சுற்றிச் சுற்றி வந்தது. மதனப்பள்ளிப் பக்கத்துச் செம்மண் நிலம். நுகத்தடியில் மாடு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். தோளில் தடியைத் தாங்கி, உடம்பை முன்னால் சாய்த்து இழுக்கிறார்கள். அப்பா கலப்பையை அழுத்திப் பிடித்து வருகிறார். பின்னால் அம்மா விதை போட்டுக்கொண்டே நடக்கிறார்.

மதனப்பள்ளியில் டீக்கடை நடத்திவந்த குடும்பம் அது. ஊரடங்கில் கடை மூடியதும் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மானாவாரி நிலத்தில் விதைப்பு எப்படி என்று இந்த மடலைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை விழுந்த பிறகு ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். ஊர் முழுக்க அதே இரண்டு மூன்று நாளில்தான் ஏர் தேடும், டிராக்டர் தேடும். கையில் காசு இல்லாதவனின் முறை கடைசியில்தான் வரும். அதற்குள் நிலம் இறுகிவிடும்.

ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. நடிகர் சோனு சூத் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஒரு ஜோடி மாடு வந்து சேரும், பிள்ளைகள் படிக்கட்டும் என்று ட்விட்டரில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் மாடு போதாது, டிராக்டரே அனுப்புகிறேன் என்று மாற்றினார். அன்று மாலையே புது டிராக்டர் அந்த வீட்டு வாசலில் நின்றது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சந்திரபாபு நாயுடு, அவரும் நாராவாரிப்பள்ளியில் பிறந்த நம் மாவட்டத்துக்காரர், சோனு சூத்துடன் பேசிவிட்டு, இரண்டு பிள்ளைகளின் படிப்பையும் தான் பார்த்துக்கொள்வதாக அறிவித்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடு, டிராக்டர், படிப்பு மூன்றும் பேசி முடிந்துவிட்டன.

ஃபர்வானியாவில் ஆண்கள் அழுதார்கள். வெட்கப்படாமல்தான் அழுதார்கள். தன் பிள்ளையைப் பார்த்து வருடக்கணக்கான தகப்பனுக்கு அந்த வீடியோவில் யார் தெரிந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஊர்க்காரர்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள், கைகூப்பும் படங்களை வரிசையாக அனுப்பினார்கள். "நம்ம ஜில்லா, நம்ம ஜில்லா" என்று மலையாளிகளிடமும் வங்காளிகளிடமும் காட்டினார்கள். அதில் ஒரு துளி பொய் இல்லை.

மறுநாள்தான் கதை திரும்பியது.

அதிகாரிகள் அந்த வீட்டைத் தேடிப் போனார்கள். ரைத்து பரோசா, அம்மவொடி என்று அந்தக் குடும்பத்துக்கு வந்த அரசு உதவிகளின் பட்டியல் வெளியானது. உடனே வேறொரு கூட்டம் கிளம்பிற்று. இவர்கள் உண்மையிலேயே ஏழைகளா? வீடியோ விளையாட்டுக்கு எடுத்ததா? அந்தத் தகப்பனுக்கு எந்தக் கட்சி? அந்த மனிதரின் பழைய வாழ்க்கையைக் குடைந்து எடுத்தார்கள். முதல் நாள் கண்ணீர் விட்ட அதே குழுக்களில், அதே கைகள், இப்போது விசாரணை நடத்தின. டிராக்டர் கொடுத்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாங்கியவர் மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அரசு பட்டியல் பொய் என்று இந்த மடல் சொல்லவில்லை. உதவி கிடைத்திருக்கலாம், கிடைக்கத்தான் வேண்டும். அம்மவொடித் திட்டம் 2020 ஜனவரி 9-ல் தொடங்கியதே நம் சித்தூரில்தான். அப்போது வருடத்துக்கு 15,000 ரூபாய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு. விவசாயிகளுக்கான ரைத்து பரோசா, மத்திய அரசின் 6,000 ரூபாயையும் சேர்த்து அப்போது வருடத்துக்கு 13,500, அதுவும் தவணை தவணையாக. இந்தப் பணத்தில் உழவு மாடு ஒரு ஜோடி வாங்க முடியுமா என்று சந்தைக்குப் போகிற யாரையும் கேளுங்கள். அரசு பணம் கொடுத்ததும் உண்மையாக இருக்கலாம், மழை பெய்த அன்று மாடு இல்லாமல் போனதும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிற காரியங்கள்தான். சம்பாதித்து அனுப்புகிற பிள்ளை குவைத்தில் இருந்தும் விதைப்புக்கு வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் நம் தெருவிலேயே எத்தனை!

அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் இருவரும் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸில் வந்த ஏறத்தாழ 7,000 கட்டுரைகளில் எவற்றை வாசகர்கள் மற்றவர்களுக்கு அதிகம் அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். நெஞ்சை விம்ம வைக்கும் கட்டுரைகள் வேகமாகப் போயின. கோபமூட்டுபவையும் அதே போல் வேகமாகப் போயின. சோகமானவை அவ்வளவு பரவவில்லை. மதனப்பள்ளிக் குடும்பத்துக்கு நடந்ததை இதோடு வைத்துப் பார்த்தால் புரியும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விம்மலாகப் பரவினார்கள், அடுத்த நாட்களில் கோபமாகப் பரவினார்கள். டீக்கடை மூடியதும், ஈரம் காய்ந்துகொண்டிருந்ததும் வெறும் சோகம். அதை அனுப்ப ஆள் இல்லை.

திருப்பதியிலிருந்து வந்த ஒரு படத்தை இதோடு ஒப்பிட வேண்டும். 2021 ஜனவரியில் ஆந்திரக் காவல்துறையின் 'இக்னைட்' கூட்டம் திருப்பதியில் நடந்தது. அங்கே பணியில் இருந்த சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஒருவர், குண்டூரிலிருந்து வந்திருந்த டிஎஸ்பி ஒருவருக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். டிஎஸ்பி அவருடைய மகள். காவல்துறையே அந்தப் படத்தை வெளியிட்டது. அப்பா நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், மகளின் முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. அப்பா தனக்கு சல்யூட் அடித்தது சங்கடமாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, தானும் திருப்பி சல்யூட் அடித்ததாக அந்த மகள் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார்.

அந்தப் படத்தை நாடே கொண்டாடியது. அவர்கள் வீட்டு அடுப்படி வரை யாரும் போய்த் துழாவவில்லை. அந்த இருவரும் சீருடையில், பொறுப்பான பதவியில் இருந்தவர்கள். துறையே அவர்களுக்குக் காவலாக நின்றது, தங்கள் கதையைத் தங்கள் வாயாலேயே சொல்ல இடம் கிடைத்தது. நுகத்தடி இழுத்த பிள்ளைகளுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. அவர்கள் முகம் கோடிக்கணக்கான கைபேசிகளில் ஓடியது, பேசியதெல்லாம் மற்றவர்கள். அனுப்பும்போது அந்த இரண்டு முகங்களை மறைக்கலாம் என்று குவைத்திலும் யாருக்கும் தோன்றவில்லை, சித்தூரிலும் தோன்றவில்லை.

2023 ஜூலையில் தக்காளி விலை உச்சத்துக்குப் போனபோதும் நம்மவர்கள் ஒரு செய்தியை ஊரெல்லாம் அனுப்பினார்கள். சித்தூர் மாவட்டத்து விவசாயி ஒருவர் ஒன்றரை மாதத்தில் 4 கோடி ரூபாய்க்குத் தக்காளி விற்றார் என்ற செய்தி. அவருக்கு முந்தைய நட்டங்களால் ஒன்றரைக் கோடி கடன் இருந்தது என்பதும் அதே செய்தியில் இருந்தது. 4 கோடி என்ற எண் மட்டும் அரபிக்கடலைத் தாண்டிவந்தது. கடன் கணக்கு ஊரிலேயே தங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் விலை சரிந்து விழுந்து, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று தக்காளியைக் கொட்டிய விவசாயிகளைப் பற்றி எந்தக் குழுவிலும் பேச்சில்லை.

நல்ல செய்திக்கு நெஞ்சு இளகுவது குறையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியூரில் இருப்பவனுக்கு அது சோறு மாதிரி. ஆனால் இளகிய நெஞ்சு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் என்னென்ன நடக்கும் என்பதற்குக் கோயம்புத்தூர் ஆலாந்துறைப் பக்கத்து இட்லிப் பாட்டி சாட்சி. வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பில் ஊதி ஊதி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுவந்தவர். 2019 செப்டம்பரில் அவர் வீடியோவைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா கேஸ் அடுப்பு வாங்கித் தர முன்வந்தார், பாரத் பெட்ரோலியம் இணைப்புக் கொடுத்தது. அதோடு விடவில்லை. 2021-ல் அவர் பெயரில் நிலம் பதிவானது, 2022 அன்னையர் தினத்தில் வீட்டுச் சாவி கைக்கு வந்தது. வைரலாகி இரண்டரை வருடம் கழித்து. பாட்டிக்கு எது வேண்டும் என்று கேட்டு, வீட்டோடு சேர்ந்த சமையலிடமாகக் கட்டித் தந்தார்கள்.

டிராக்டரும் வீடும் கொடுக்க நம்மால் ஆகாது. சரி. திருப்பதியிலேயே, எல்லாராலும் ஆகக்கூடிய ஒரு நல்ல காரியம் நடந்தது. 2023 ஜனவரியில், விசாகப்பட்டினத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் இதயம் விமானத்தில் ரேணிகுண்டாவுக்கு வந்தது. போலீஸ் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் பறந்தது. 15 வயதுச் சிறுவனுக்கு அது பொருத்தப்பட்டது. 2021 அக்டோபரில்தான் திறந்த மருத்துவமனை, அங்கே நடந்த முதல் இதய மாற்று. ஆம்புலன்ஸ் ஓடும் வீடியோவை எல்லாரும் பார்த்தீர்கள். அந்தப் பெண்ணின் வீட்டார் இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படியொரு சம்மதம் கொடுத்ததை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? ஆந்திர அரசின் ஜீவன்தான் திட்டத்தில் பெயர் எழுதப் பணம் வேண்டாம். வீட்டில் மனைவியிடமும் மக்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும், ஏனென்றால் கடைசி நேரத்தில் டாக்டர் கேட்பது அவர்களைத்தான்.

ஆகவே இந்த ஊர்ப் பிள்ளை கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று கைபேசியில் ஓடும்போது, உங்களில் யாருக்காவது அந்த ஊர் தெரிந்திருந்தால் முதலில் நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் முகத்தை மறைத்து அனுப்புங்கள். பட்டியல் வெளியான மறுநாள் அவர்களை ஏசுகிற ஆள் குழுவில் கிளம்பினால், ஊர்ப் பெரியவராக ஒருவர் "போதும்ப்பா" என்று சொல்லுங்கள். குவைத்தில் இருப்பவர்கள் சொன்னால் எடுபடாது, அங்கே இருக்கிற நீங்கள் சொன்னால் எடுபடும்.

இன்னொன்று, உழவு விஷயம். 2022 ஜூனில் யந்திர சேவா என்று ஒரு திட்டம் வந்தது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து டிராக்டரும் கருவிகளும் வாங்கி, கிராமத்துக்குள்ளேயே குறைந்த வாடகைக்கு விடும் ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்த டிராக்டர் இன்றைக்கு ஓடுகிறதா? ஓடாமல் நின்றால் எதனால்? டயரா, டீசலா, குழுவுக்குள் சண்டையா? ஊர்ப் பெயர் போட்டு எழுதுங்கள். பழுது பார்க்கப் பணம்தான் குறை என்றால், ஃபர்வானியாவில் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிறவர்கள் அடுத்த விதைப்புக்குள் திரட்டி அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்.