மூன்று மீட்டர் ஏற்றம்

2.1 கிலோமீட்டர். 1 மணி 50 நிமிடம். ஏற்றம் 3 மீட்டர்.

போன மே மாதம் கோடியக்கரைக் காட்டில் அம்மாவோடும் ஏழு வயது மகளோடும் நடந்ததற்கு என் கைக்கடிகாரம் கொடுத்த கணக்கு இது. ஆபீஸ் ட்ரெக்கிங் குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “பாஸ், நம்ம பார்க்கிங் ராம்ப்பே இதைவிட உயரம்.” இருபது பேர் சிரித்திருந்தார்கள். நானும் ஒரு ஸ்மைலி போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அந்த ஸ்மைலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குரூப்பில் காடு என்றால் ஒரு தேர்வு. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், எத்தனை அட்டைக்கடி என்று மார்க் போடுவோம். நானும் அப்படிப் போனவன்தான். எந்த மலையில் எனக்கு மூச்சு வாங்கியது என்று இப்போதும் சொல்வேன். அங்கே என்ன மரம் இருந்தது என்று கேட்டால் தெரியாது. முன்னால் போகிறவனின் ஷூவைத்தானே பார்த்துக்கொண்டு ஏறினேன்?

கோடியக்கரைக்கு வருவோம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் முனை. 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயம் ஆனது. மழை குறைந்தாலும் இலை உதிர்க்காத குட்டை மரங்களின் காடு. தரை தட்டை. ‘மலை’ என்று சொல்ல இருப்பது ராமர் பாதம் என்கிற மணல் மேடு மட்டும்தான். மே மாதத்தில் பூநாரைக் கூட்டமும் கிடையாது. அன்று காலை மூன்று கார்கள் எங்களைக் கடந்து போயின. ஒன்றிலிருந்து எட்டிப் பார்த்தவர் கேட்டார்: “உள்ள எதாவது இருக்குங்களா?”

அம்மா பக்கத்து ஊரில் பிறந்தவள். சின்ன வயதில் விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் இந்தக் காட்டுக்குள் வந்தவள். கல்யாணமாகிப் போய், நாற்பது வருஷம் கழித்து அனுமதிச் சீட்டோடு வருகிறாள். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. நூறடிக்கு ஒருதரம் நின்றாள். நின்ற இடமெல்லாம் எங்களுக்கு வகுப்பறை ஆனது. “இது உகா. இது களா, முள்ளு குத்தும், பாத்து.” பாலை மரத்தடியில் மஞ்சளாக ஒன்று உதிர்ந்து கிடந்தது. “அப்பாயி, இதைத் திங்கலாமா?” “திங்கலாம், ஒதடு ஒட்டிக்கும். ஆனா இங்க எடுக்கப்படாது, கார்டு திட்டுவாரு.” திறந்தவெளிக்கு வந்ததும் அம்மா முகம் மாறியது. “இது பூரா புல்லா இருந்துச்சுடா.” இப்போது சீமைக்கருவேலம். வெளிமானுக்குப் புல்வெளிதான் வாழ்க்கை. அது சுருங்கினால் மான் எங்கே போகும் என்று மகள் கேட்டாள். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. எந்த ட்ரெக்கிலும் எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை.

இந்த அம்மாவை எங்கள் குரூப் சேர்த்துக்கொள்ளாது. ‘பிட்னஸ்’ இல்லையாம். காட்டை அறிந்தவளை வெளியே நிறுத்திவிட்டு, காடு பற்றி ஒன்றும் தெரியாத நாங்கள் இருபது பேர் உள்ளே போவோம். இதற்குப் பெயர் இயற்கை ஆர்வம்!

“எளிதாக்கினால் கூட்டம் வரும், குப்பை சேரும், காடு அழியும்” என்பார்கள். பொறுப்பான கேள்விதான். ஆனால் வெள்ளியங்கிரியைப் பாருங்கள். ஏழு மலை ஏறவேண்டும், முட்டி கழன்றுவிடும். அங்கேயும் பிளாஸ்டிக் சேர்கிறது. அடிவாரத்தில் பையைச் சோதிக்கிறார்கள், தன்னார்வலர்கள் மேலே போய்ப் பொறுக்கி வருகிறார்கள். ஏற்றம் குப்பையை வடிகட்டாது. முட்டி வலிக்காரர்களைத்தான் வடிகட்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமா? ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள், காரை வாசலில் நிறுத்துங்கள்.

எளிது என்றால் சிமெண்ட் பாதை, செல்ஃபி பாயின்ட், பிளாஸ்டிக் மான் பொம்மை என்று புரிந்துகொள்ளும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: நாங்கள் அதைக் கேட்கவில்லை. மண் தடம் மண்ணாகவே இருக்கட்டும். நடுவில் உட்கார இரண்டு மரக்கட்டை, தொடக்கத்தில் சுத்தமான கழிப்பறை, கூட வருவதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவர். போதும். 2024இல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது எளிது, மிதம், கடினம் என்று பிரித்தது. உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக்கியது. நல்ல விஷயம். அந்த ‘எளிது’ பட்டியலைப் பார்த்து நக்கல் அடித்ததும் எங்கள் குரூப்தான்.

நாளைக்கு ஒரு காட்டின் குறுக்கே ரோடு போட வருவார்கள். அப்போது வேண்டாம் என்று சொல்ல ஆள் வேண்டும். மலையேறும் இருபது பேர் போதாது. தாத்தா பாட்டிகள், பிள்ளைகள், இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் என்று ஊரே சொல்லவேண்டும். ஒருதரமாவது உள்ளே நடந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

நேற்று குரூப்பில் கேட்டேன்: “அடுத்த தடவை எங்க அம்மாவும் வரலாமா?” ஒருத்தன் மட்டும் பதில் போட்டான்: “ஆன்ட்டிக்கு கஷ்டமா இருக்கும் ப்ரோ.”

அப்படியென்றால் அடுத்த தடவை அம்மா நடக்கிற இடத்துக்கு நீங்கள் வாருங்கள். ஏற்றம் மூன்று மீட்டர்தான். நூறடிக்கு ஒருதரம் நிற்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.