25-இடம் தோற்கும் கண்டுபிடிப்பு

எண்ணை இரும இலக்கங்களில் எழுதுக. அவற்றையே கெழுக்களாகக் கொண்டு பல்லுறுப்புக்கோவை அமைக்க. அதைப் பகுத்தால் எண்ணின் பகாக் காரணிகள் கைக்கு வந்துவிடும். குறியாக்கங்களையெல்லாம் தகர்க்கப்போகும் கண்டுபிடிப்பாக இக்கூற்று அவ்வப்போது பவனி வருகிறது. அறிஞர் உலகம் பொறாமையால் வாய்மூடிக் கிடக்கிறது என்ற குற்றச்சாட்டும் தவறாமல் உடன் வரும்.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாததுதான் சிக்கல். 21-இன் இரும வடிவம் 10101. மாறியை 'ய' எனக் கொண்டால் அதன் கோவை ய⁴+ய²+1. இது (ய²+ய+1)(ய²−ய+1) எனப் பிரியும். 'ய'வுக்கு 2 இட்டால் 7, 3. 9 முதல் 51 வரை ஒற்றைப்படைப் பகு எண்கள் 11. அவற்றுள் 10 இம்முறைக்கு முழுமையாகக் கட்டுப்படுகின்றன. இத்தகைய அட்டவணையைக் கண்டு மயங்காதவர் அரியர்.

தவறுவது 25. அதன் கோவையான ய⁴+ய³+1 பகுபடவே படாது. 5-இன் கோவை ய²+1. அதன் வர்க்கம் ய⁴+2ய²+1. இரும எழுத்தில் 2 என்ற இலக்கத்துக்கு இடமில்லை. அது அடுத்த இடத்துக்கு ஏறி ய³ ஆகிறது. அந்த ஏற்றத்தில் பெருக்கலின் தடயம் அழிந்துபோகிறது. எதிர்க்குறிக் கெழுக்கள் சில வேளை அதை ஈடுசெய்யும். 49 அவ்வாறு தப்பியது. அது நற்பேறு, முறையன்று.

பகா எண்ணின் கோவை பகுபடாது என்பதை பிரில்ஹார்ட், ஃபிலசேட்டா, ஒட்லிஸ்கோ ஆகியோர் 1981-இல் நிறுவினர். அவ்வழியே சென்றால், கோவையின் காரணிகள் எண்ணின் பகாக் காரணிகளைவிட மிகமாட்டா என்பதும் கிடைக்கும். அதாவது கீழ் எல்லை, அவ்வளவே. அதுவும் பெரும்பாலும் ஒன்று என்றே நிற்கும் எல்லை. மாறிலி உறுப்பு 1 ஆகவும் மற்றக் கெழுக்கள் 0 அல்லது 1 ஆகவும் உள்ள கோவைகளில், படி பெருகப் பெருக, ஏறத்தாழ அனைத்தும் பகுபடாதவை என்று ஒட்லிஸ்கோவும் பூனனும் 1993-இல் ஊகித்தனர். பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் மெய்யெனில் ஊகமும் மெய் என்று ப்ரூயாரும் வார்யூவும் 2019-இல் காட்டினர்.

கோவைகளை விரைவாகப் பகுக்க 1982 முதலே வழி உண்டு என்று இவர்கள் வாதிடுவது சரியே. வேகத்தில் பொய்யில்லை, விரைந்து கிடைக்கும் விடைதான் 'ஒன்று'. 2002-இல் கான்பூரில் அகர்வால், கயால், சக்சேனா கண்ட வழிமுறையைத் துணைக்கு அழைப்பதோ முற்றிலும் பொருந்தாது. அது ஓர் எண் பகா எண்ணா என்பதை மட்டுமே சொல்லும். காரணி எதையும் தராது.

இன்னும் ஒரு படி இறங்குவோரும் உளர். கணினிக்கு எளிது என்பதால், 0, 1 என்ற இரண்டே உறுப்புகளைக் கொண்ட களத்தில் கோவையைப் பகுத்துவிட்டு, அந்த எண்ணிக்கையை முழு எண்களின் கணக்கில் சேர்க்கின்றனர். அக்களத்தில் ய⁴+1 என்பது (ய+1)⁴. அவ்வாறு எண்ணினால் பகா எண்ணாகிய 17-க்கும் நான்கு காரணிகள் வந்துவிடும்.