கோளாறு கண்ணில் இல்லை, கோப்பில்



கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் தேடி எடுக்க முடியவில்லை என்று பார்வை இல்லாதவர் ஒருவர் சொன்னால் வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. "உங்க சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சினை சார்" என்பது ஒன்று. "வீட்ல பேரன் இருப்பான்ல, அவனைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்பது மற்றொன்று. இரண்டுமே தட்டிக்கழிக்கிற பதில்கள். கண் அழுத்த நோயில் பார்வை போய், நான்கு வருடமாகக் காதால் கம்ப்யூட்டரை நடத்திக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கோளாறில் பெரும்பங்கு ஃபைலைத் தயாரித்து அனுப்புகிறவரிடம்தான் இருக்கிறது.

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்வது திரைவாசிப்பான். நான் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது. காசு கிடையாது. தமிழும் படிக்கும். அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். எழுத்தே இல்லாத இடத்தில் அது எதைப் படிக்கும்?

கருவியின் பக்கமும் சில தொந்தரவுகள் உண்டு, மறைக்கவில்லை. ஃபோல்டருக்குள் போனதும் குரல் நின்றுவிடும். எங்கே நிற்கிறோம் என்று அறிய இன்சர்ட்டோடு 'டி' எழுத்தைத் தட்டினால் ஃபோல்டரின் பெயரைச் சொல்லும். பெரிய ஐகான்களாக அடுக்கி வைத்திருந்தால் கீழ் அம்புக்குறி பக்கத்து ஃபைல்களைத் தாண்டிக் கீழ் வரிசைக்குக் குதித்துவிடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியல் வந்துவிடும். ஃபைலைத் தொட்டதும் திணறி நின்றால் பக்கத்தில் முன்னோட்டக் கட்டம் திறந்திருக்கக்கூடும். ஆல்ட்டோடு 'பி' தட்டினால் மூடிக்கொள்ளும். அப்படியும் வாய் திறக்காவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், 'என்'. என்விடிஏ மறுபடி தொடங்கும். ஒரு வாரம் பழகினால் இதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

எவ்வளவு பழகினாலும் தீராத தொந்தரவுகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் மனிதர் செய்வது.

முதலாவது பெயர். போன வருடம் ஓய்வூதியம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் ஐந்து ஃபைல்கள். ஸ்கேன் 0001 முதல் ஸ்கேன் 0005 வரை. பதில் தர 15 நாள் கெடு. எது உத்தரவு, எது நான் நிரப்ப வேண்டிய படிவம்? நான் அரசு அலுவலகத்தில் 34 வருடம் எழுத்தராக இருந்தவன். ந.க. எண், பொருள், பார்வை போடாத ஒரு தாள்கூட எங்கள் மேஜையைத் தாண்டியதில்லை. கோப்பின் அட்டையில் பொருள் எழுதாமல் வைத்தால் அதிகாரி திருப்பி எறிவார். தன்பதிவேட்டில் ஏறாத கடிதம் கடிதமே இல்லை. அட்டைக் கோப்புக்கு இருந்த அந்த ஒழுங்கு கம்ப்யூட்டர் கோப்புக்கு மட்டும் ஏன் வேண்டாமாம்? எஃப் 2 விசையைத் தட்டிப் பெயரை மாற்ற அரை நிமிடம் போதுமே!

இரண்டாவது எழுத்துரு. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் டி.டி.பி. கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் பலர் அடிக்கிறார்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். ஒரு பக்கக் கடிதத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். தேடினாலும் அகப்படாது. ஏனென்றால் அந்த ஃபைலுக்குள் தமிழே இல்லை.

மூன்றாவது படம். அவர்கள் கம்ப்யூட்டரிலேயே அடித்த கடிதம்தான். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். எழுத்து உள்ளே போய்ப் படமாக வெளியே வருகிறது. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் தேதியிலோ தொகையிலோ ஓர் எண் மாறிப்போனால் பொறுப்பு யாருடையது? கையெழுத்திட்ட பிரதியோடு, அடித்த மூலத்தையும் இணைத்து அனுப்புவதில் என்ன கஷ்டம்?

"பேரனைப் படிக்கச் சொல்லுங்க" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் வங்கிக் கணக்கை, ரத்தப் பரிசோதனை முடிவை, உயில் நகலை அடுத்தவர் வாயால் கேட்கச் சம்மதிப்பீர்களா? பேரன் நல்லவன்தான். ஆனால் என் கடிதத்தை முதலில் நான் படிக்க வேண்டும். அந்த உரிமையைப் பார்வையோடு சேர்த்து யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது.

இது சலுகைப் பிச்சையும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆவது பிரிவு, மின்னணு உள்ளடக்கம் எல்லோரும் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இப்படிப்பட்ட தரவிதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சட்டம் டெல்லியில் பேசிவிட்டது. அது அனுமந்தன்பட்டிக்கு வரும் மின்னஞ்சலிலும் பேச வேண்டாமா?

"எங்கேயோ ஒருத்தர் ரெண்டு பேருக்காக இவ்வளவா?" என்று கேட்பார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். புரையோ, சர்க்கரையோ, கண் அழுத்தமோ யார் வீட்டுக் கதவை எப்போது தட்டும் என்று சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, பெயர் வைத்த ஃபைலும் யூனிகோடு எழுத்தும் கண் நன்றாகத் தெரிகிறவருக்கும் தேடும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒழுங்காக ஃபைல் தயாரிக்கத் தெரியாதவர்கள் எங்கள் கருவியைக் கோணல் என்கிறார்கள்.

ஆகவே அலுவலகங்களுக்கும், ஓய்வூதியர் சங்கங்களுக்கும், திருவிழா நோட்டீஸை வாட்ஸ்அப்பில் போடும் தம்பிமாருக்கும் சொல்கிறேன். ஃபைலுக்குப் பொருள் விளங்கப் பெயர் வையுங்கள். யூனிகோடில் அடியுங்கள். படத்தோடு எழுத்தையும் அனுப்புங்கள்.

வாசகர்களாகிய நீங்களும் ஒன்று செய்யலாம். ஸ்கேன் 0001 என்று ஏதாவது வந்தால், "பெயரிட்டு, படிக்கும் வடிவில் மறுபடி அனுப்பவும்" என்று ஒரு வரி பதில் போடுங்கள். கண் தெரிகிறவர்களும் கேட்டால்தான் அவர்கள் காதில் ஏறும்.