அறிவிப்பில் வராத பெயர்கள்

வேளாண் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் உறுப்புக் கல்லூரிகளிலும் ஊழியர் செய்திகளுக்குக் குறைவே இல்லை. புதிய முதல்வர் பொறுப்பேற்றார், பேராசிரியர் பணி நிறைவு பெற்றார், உணவுப் பதப்படுத்தும் துறைக்குப் புதிய தலைவர் வந்தார், புதிய நெல் ரகம் கண்டறிந்த குழுவுக்கு விருது கிடைத்தது, உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி இது என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பொன்னாடை போர்த்திய படங்களுடன் நாளிதழ்களிலும் அவை இடம்பெறுகின்றன. உழைத்துப் படித்து உயர்ந்தவர்களை வாழ்த்துவதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் இந்த அறிவிப்புகளை நம் ஊர் மாணவர்கள் இன்னொரு கண்ணாலும் படிக்க வேண்டும் என்கிறோம். அந்தத் துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? நிரம்பியவை எத்தனை? அதில் ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர்? ஓய்வு பெற்றவரின் இடம் இனச்சுழற்சியில் யாருக்குரியது? இந்தக் கேள்விகளுக்கான பதில் எந்த வாழ்த்துச் செய்தியிலும் இருப்பதில்லை.

வேறு எந்தப் படிப்பையும்விட வேளாண் படிப்பில் இதை நாம் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் தலித் மக்கள். நிலம் மட்டும் அவர்களுடையதாக இல்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பின்னர் கைமாறிப்போன கதை ஊருக்கு ஊர் தெரியும். அதற்கு முன்பே, 1868-ல், சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளி தொடங்கிவிட்டது. அது பின்னர் கோவைக்கு மாறி, கல்லூரியாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. சேற்றில் நின்று நாற்று நட்டவர்களின் அறிவு ஒரு பக்கம் இருந்தது. பயிரைப் பற்றிப் பாடம் நடத்தும் நாற்காலி இன்னொரு பக்கம் இருந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கவே இட ஒதுக்கீடு வந்தது.

நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது சம்பளம் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்பதை அங்கே இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடும் என்பது நல்ல கேள்வி. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு நடவுக் கூலிக்குப் போன பெண்களுக்கு என்ன வேலை என்பதும் வேளாண் அறிவியல் கேட்க வேண்டிய கேள்விதான். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மருந்தின் வீரியத்தை அளக்கிற அதே அக்கறையுடன், அதை முதுகில் சுமந்து அடிப்பவரின் மூச்சையும் அளக்க வேண்டும் என்ற எண்ணம், மருந்தடித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் வரும். பசுமைப் புரட்சி நம் டெல்டாவில் விளைச்சலைக் கூட்டிய அதே காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விளைச்சல் கூடியது, அதில் உழைத்தவரின் பங்கு என்ன என்ற கேள்வி தெருவில் எழுந்தது, ஆய்வுக்கூடத்தில் எழவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இதை வெகு முன்பே பார்த்தார். 1918-ல், இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றியும் அதற்கான தீர்வுகள் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிலத்தின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதில் போடும் மூலதனத்தையும், நிலத்தை நம்பித் தேங்கி நிற்கும் உழைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். வேளாண் பொருளியல் வகுப்பில் நம் மாணவர்கள் தலைநிமிர்ந்து பேச வேண்டிய பெயர் அது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் மொத்த இட ஒதுக்கீடு 69 சதவீதம். ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. அந்த 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-ல் சட்டமானது. இப்படி உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலில் இதைப் போட்டுப் பார்த்தால், 36 இடங்கள் ஆதிதிராவிடருக்கு உரியவை. அவற்றில் 6 அருந்ததியருக்கு. பழங்குடியினருக்கு 2. பொதுப்போட்டிக்கான 62 இடங்களும் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தவை. அதிக மதிப்பெண் எடுத்த நம் மாணவர் பொதுப்போட்டியில் தேர்வானால், அவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் தள்ளக் கூடாது.

கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. அது நழுவுவது எந்த அலகுக்குள் போடுகிறோம் என்பதில். வேளாண் புலத்தில் துறைகள் பல: உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், பயிர்ப் பெருக்கம், தோட்டக்கலை, விதை அறிவியல், விரிவாக்கம், உணவு அறிவியல். பல துறைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய பணியிடங்களே இருக்கும். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகச் சுழற்சியைத் தொடங்கினால், சிறு பிரிவினரின் முறை வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். இது கற்பனை அல்ல. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பைத் தொடர்ந்து, துறையை அலகாகக் கொள்ளுமாறு 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. அந்த 13 புள்ளிப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கு 7-ஆவது இடம், பழங்குடியினருக்கு 14-ஆவது இடம். 6 பேர் மட்டும் உள்ள துறையில் முதல் 6 நியமனங்களில் ஒரு தலித் ஆசிரியர் ஒதுக்கீட்டில் வர முடியாது. நாடெங்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிய பிறகு, 2019 மார்ச் 7 அன்று அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அது நாடாளுமன்றச் சட்டமானது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனமும் ஒரே அலகு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. போராடிப் பெற்ற இந்தப் பாடம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகளைப் படிக்கும்போதும் நமக்கு நினைவில் இருக்க வேண்டும். எந்த அலகில் சுழற்சி போடப்பட்டது, எந்தப் புள்ளியில் தொடங்கியது என்று கேட்பது நம் உரிமை.

அடுத்தது, 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்ற வாசகம். முதுநிலைப் பட்டம் முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் தேறி, முனைவர் பட்டமும் பெற்ற ஒருவர் நேர்காணலுக்கு வருகிறார். நேர்காணலில் சில நிமிடங்கள் பேசிய பிறகு அவருக்குத் தகுதி இல்லை என்று முடிவாகிறது. ஏன் என்று எழுதி வைக்கப்படுவது அரிது. தகுதியை நாங்கள் குறைக்கச் சொல்லவில்லை. தேர்வுக் குழு தன் முடிவுக்கான காரணத்தை எழுத வேண்டும் என்கிறோம். காரணம் சொல்ல முடியாத தீர்ப்புக்குத் தகுதி என்று பெயர் வைக்க முடியாது. நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களைத் தனிவகையாகக் கருதி அடுத்த ஆண்டுகளில் நிரப்ப அரசியல் சட்டத்தின் 16(4பி) பிரிவு வழி செய்கிறது. 2000-ல் 81-ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது. ஆகவே குறைவுப் பணியிடங்கள் காலாவதியாகும் பண்டம் அல்ல. அவை நமக்கு வர வேண்டிய பாக்கி.

நிரந்தர நியமனம் தள்ளிப்போகும்போது அந்த இடைவெளியைத் தொகுப்பூதிய ஆசிரியர்களும், திட்ட ஆராய்ச்சி உதவியாளர்களும், வெளிமுகமைப் பணியாளர்களும் நிரப்புகிறார்கள். மத்திய அரசுப் பணிகளில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இட ஒதுக்கீடு உண்டு. அந்த நெறி எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும். தற்காலிகம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஓடும் பணிகளில் இனச்சுழற்சி பார்க்கப்படாவிட்டால், வாசலில் தடுக்க முடியாத சமூக நீதியைக் கொல்லைப்புறத்தில் தடுத்ததாகவே ஆகும்.

ஊழியர் செய்திகளில் ஒருபோதும் வராத இன்னொரு கூட்டம் உண்டு. ஆராய்ச்சிப் பண்ணையில் வரப்பு வெட்டி, நாற்றுப் பறித்து, களை எடுத்து, மருந்தடித்து, சோதனை வயல்களில் கதிரறுத்து எடைபோட உதவும் தினக்கூலித் தொழிலாளர்கள். அவர்களில் பலர் பக்கத்துக் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். புதிய ரகம் வெளியாகும் நாளில் மேடையில் விஞ்ஞானிகளின் பெயர் வாசிக்கப்படுகிறது. அந்த வயலில் 20 ஆண்டு குனிந்து நின்ற அம்மாவின் பெயரை யாரும் வாசிப்பதில்லை. அவர் வேலையை விட்டு நின்ற நாளில் பிரிவுபசார விழா நடப்பதில்லை, ஓய்வூதியமும் இருப்பதில்லை. பெயரே பதிவில் இல்லாதவருக்குப் பணி நிரந்தரம் கேட்பது எவ்வளவு கடினம் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். ஒரு வேளாண் புலத்தின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இவர்களையும் சேர்த்துத்தான் தொடங்க முடியும்.

மாணவர்களுக்கு இனி சில சொற்கள். பணி அறிவிப்பு வந்தால் சம்பளத்தையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். இனவாரியான பிரிப்பு இருக்கிறதா, குறைவுப் பணியிடங்கள் தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கான மதிப்பெண் வரம்பில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு. அறிவிப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இளநிலை படிக்கும்போதே முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும், தகுதித் தேர்வுக்கும் தயாராகத் தொடங்குங்கள். சாதிச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி அலையாதீர்கள்.

விவரம் இல்லாவிட்டால் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, ஊழியர்களின் பட்டியலையும் மாத ஊதியத்தையும் பொது அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 4-ஆவது பிரிவில் சொல்கிறது. மற்ற விவரங்களுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போதும்; வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். மீறல் தெரிந்தால், 2021-ல் அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும், அரசியல் சட்டத்தின் 338-ஆவது பிரிவின்கீழ் உள்ள தேசிய ஆணையத்துக்கும் எழுதலாம். தனியாக எழுதத் தயங்கினால் நான்கு பேர் சேர்ந்து எழுதுங்கள்.

வேளாண் புலங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு பணி அறிவிப்புடனும் துறைவாரி, இனவாரிப் பணியிட நிலவரத்தை அச்சிடுங்கள். ஒதுக்கீட்டு இடம் நிரம்பாவிட்டால் காரணத்தை எழுதுங்கள். குறைவுப் பணியிடங்களுக்குத் தனி அறிவிப்பும் காலக்கெடுவும் கொடுங்கள். பண்ணைத் தொழிலாளர்களின் பெயர்களையும் பணிக்காலத்தையும் பதிவேட்டில் ஏற்றி, ஆண்டு அறிக்கையில் வெளியிடுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பெரிய நிதியும் வேண்டியதில்லை. மறைக்க எதுவும் இல்லாத நிர்வாகம் இதை அடுத்த அறிவிப்பிலேயே செய்துவிடலாம்.