காசு கொடுத்தவருக்குத்தான் காவல்

2008 செப்டம்பரில் அமெரிக்க அமேசான் கடையில் ஒரு விநோதம் நடந்தது. அந்த ஆண்டு பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஒன்றான 'ஸ்போர்' விற்பனைக்கு வந்த நேரம். 'சிம்ஸ்' புகழ் வில் ரைட்டின் படைப்பு அது. ஒற்றைச் செல் உயிரியில் தொடங்கி விண்வெளியை ஆளும் இனம் வரை வளர்த்துக்கொண்டே போகலாம். பாராட்டு மழையை எதிர்பார்த்திருந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குக் கிடைத்ததோ ஆயிரக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்கள். பெரும்பாலானவர்களின் கோபம் விளையாட்டின் மீது எழவில்லை. அதோடு சேர்த்து விற்கப்பட்ட பூட்டின் மீது எழுந்தது.

'செக்யூராம்' என்பது அந்தப் பூட்டின் பெயர். விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அது இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு அனுமதி கேட்கும். ஒரு பிரதிக்கு மூன்று அனுமதிகள்தான். கம்ப்யூட்டரின் முக்கிய பாகங்களை மாற்றினாலோ, புதிதாக வாங்கினாலோ ஓர் அனுமதி கரைந்துவிடலாம். மூன்றும் தீர்ந்த பிறகு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, தான் திருடன் இல்லை என்று விளக்க வேண்டும். சுமார் 50 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. "இது வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா?"

முதலில் போட்ட திட்டம் இதைவிடக் கடுமையானது. 10 நாட்களுக்கு ஒருமுறை விளையாட்டு சர்வரிடம் 'ஆஜர்' ஆக வேண்டும் என்று நிறுவனம் நினைத்திருந்தது. அதே ஆண்டு மே மாதம் எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டது. மூன்று என்ற வரம்பும் பிறகு ஐந்தாக உயர்ந்தது. டிசம்பரில் 'ஸ்டீம்' என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்த 'ஸ்போர்' பிரதியில் செக்யூராமே இல்லை. அதற்குள் கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டுவிட்டது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்கப் பல ஆண்டுகளும் கோடிக்கணக்கான டாலர்களும் ஆகின்றன. வருமானத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே வந்துவிட வேண்டும். அந்த வாரங்களில் திருட்டுப் பிரதிகளைத் தடுத்தால் போதும் என்பது அவர்களின் கணக்கு. மூன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஏற்றுபவர்கள் மிகச் சொற்பம் என்றும் சொன்னார்கள்.

கணக்கு உதைத்த இடம் வேறு. 'ஸ்போர்' கடைக்கு வரும் முன்பே பூட்டு உடைக்கப்பட்ட பிரதி இன்டர்நெட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அதிகம் திருடப்பட்ட விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. திருட்டுப் பிரதி வைத்திருந்தவருக்கு அனுமதியும் வேண்டாம், தொலைபேசி அழைப்பும் வேண்டாம். காசு கொடுத்தவர்தான் வரிசையில் நின்றார். கொல்லைப்புறச் சுவர் இடிந்து கிடக்கும்போது, வாசலில் வருகிற விருந்தாளியைச் சோதனை போட்ட கதை.

மற்ற நிறுவனங்கள் இதிலிருந்து பாடம் கற்றதாகத் தெரியவில்லை. பிரான்சின் யுபிசாஃப்ட் 2010இல் ஒரு படி மேலே போனது. 'அசாசின்ஸ் க்ரீட் 2' விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆட வேண்டுமானால், தனியாக ஆடினாலும் இன்டர்நெட் இணைப்பு இடைவிடாமல் இருந்தாக வேண்டும். மார்ச் மாதம் சர்வர்கள் படுத்துக்கொண்டன. வெளியிலிருந்து வந்த தாக்குதலே காரணம் என்றது நிறுவனம். காரணம் எதுவானாலும், விளையாட முடியாமல் போனது வாங்கியவர்களுக்குத்தான். 2012இல் யுபிசாஃப்ட் இந்த நிபந்தனையைக் கைவிட்டதாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் வெளியான பிளிசார்டின் 'டயாப்ளோ 3' முதல் நாளே 'எரர் 37' என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. 2013 மார்ச்சில் 'சிம்சிட்டி'க்கும் இதே கதி. தனியாக ஆட முடியாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று சொல்லப்பட்ட அந்த விளையாட்டுக்கு, ஓராண்டு கழித்து 2014 மார்ச்சில் இணைப்பு இல்லாமல் ஆடும் வசதி வந்து சேர்ந்தது.

பெரிய மோதல் நடந்தது 2013 கோடையில். மைக்ரோசாஃப்ட் தன் புதிய 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் சரிபார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தது. டிஸ்க்கை நண்பருக்குக் கொடுப்பதற்கும் பழைய கடையில் விற்பதற்கும் கட்டுப்பாடுகள் வேறு. இணைப்பு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, அவர்களுக்கு எங்களிடம் பழைய 'எக்ஸ்பாக்ஸ் 360' இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார் அதிகாரி டான் மேட்ரிக். கப்பல்களிலும் தொலைதூர முகாம்களிலும் இருக்கும் ராணுவத்தினர் கொதித்தார்கள். இந்தச் சேவை கிடைக்கும் என்று முதலில் சொல்லப்பட்ட 21 நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இல்லை. போட்டி நிறுவனமான சோனி, தன் பிளேஸ்டேஷன் 4-இல் இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது என்று மேடையேறிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

விளையாட்டுப் பிரியர்கள் வென்றுவிட்டார்கள் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் வேறொரு கதவு வழியாக அதே பூட்டு வீட்டுக்குள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. 2004 நவம்பரில் வெளியான 'ஹாஃப் லைஃப் 2', டிஸ்க் வாங்கியவரும் 'ஸ்டீம்' கணக்கு தொடங்கி இன்டர்நெட்டில் அனுமதி பெற வேண்டும் என்றது. அன்றும் கூச்சல் எழுந்தது. ஜெர்மனியில் நுகர்வோர் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2010இல் தோற்றது. காலப்போக்கில் ஸ்டீம் விலையைக் குறைத்தது. டிஸ்க் தொலைந்தாலும் விளையாட்டை மீண்டும் இறக்கிக்கொள்ள வழி செய்தது. கூச்சல் அடங்கியது. வசதி கூடியபோது பூட்டு கண்ணில் படாமல் போனது.

கண்ணில் படவைத்தது 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு. 2014இல் யுபிசாஃப்ட் வெளியிட்டது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவை. 2024 மார்ச் 31 அன்று நிறுவனம் சர்வரை நிறுத்தியது. அலமாரியில் டிஸ்க் இருக்கிறது, ரசீது இருக்கிறது, விளையாட்டு இல்லை. திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு, வாங்கிய பொருளையே அழிக்கும் என்பது அன்று நிரூபணமானது.

ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் தொடங்கிய இயக்கம் இதிலிருந்து பிறந்தது. சர்வரை என்றென்றும் ஓட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் தானாக ஆடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். செலவு தாங்காது, பாதுகாப்புச் சிக்கல்கள் வரும் என்கிறது ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம். முதல் நாள் வடிவமைப்பிலேயே கடைசி நாளையும் யோசித்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதுதான் எதிர்க்கேள்வி.

சட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு புதிய விதி. பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை விற்கும் இணையக் கடை, அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. பூட்டியவர் சாவியோடு போய்விட்டால் வாங்கியவர் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை.

இது சிறுவர்களின் விளையாட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. மின்நூலும், பாட்டும், சினிமாவும் இன்று இதே முறையில்தான் விற்கப்படுகின்றன. ஒரு புத்தகத்தை வாங்கினால் மகனுக்குத் தரலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம், பதிப்பகம் மூடிய பிறகும் படிக்கலாம். இந்த உரிமைகளுக்காக நம் தாத்தாக்கள் யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை. விலை கொடுத்தாலே அவை கூட வந்தன. இன்று விலை அப்படியே இருக்கிறது. கூட வந்தவைதான் சொல்லாமல் கொள்ளாமல் கழற்றப்பட்டிருக்கின்றன.

கலிபோர்னியா சட்டம் எதையும் திருப்பித் தரவில்லை. விற்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்துகிறது. வாங்குபவர் பேரம் பேச அதுவாவது முதலில் தெரிய வேண்டும்.