ஊற்றைக் காப்பவருக்கும் பேர் போட வேண்டும்

பங்குனி வெயில் ஏறினால் நமது லயங்களில் முதலில் மெலிவது பீலித் தண்ணீர்தான். மழைக்காலத்தில் மணிக்கட்டுப் பருமனில் கொட்டிய தண்ணீர் விரல் பருமனாகும், பிறகு சொட்டாகும். விடிய நான்கு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடும் பெண், சற்றுப் பிந்திப்போனாலும் அன்றைய பேருக்காக வழக்காட வேண்டியிருக்கும். இதை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பீலிக்கு மேலே, ஊற்று பிறக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. சம்பளம், வீடு, காணி என்ற வரிசையில் ஊற்றையும் அதற்கு மேலுள்ள காட்டையும் நமது கோரிக்கையாக வைக்கும் காலம் வந்துவிட்டது என்பதே நமது கருத்து.

நமது மலைகளில் ஊறும் தண்ணீர் நமது குடத்தோடு நின்றுவிடுவதில்லை. டயகம, அக்கரப்பத்தனை, நானுஓயாப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகின்றன. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து ஓடைகள் மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களை நிரப்பி, களனி கங்கையோடு இறங்கி, கொழும்பு நகரத்தின் குழாய்கள் வரை போகின்றன. வழியில் லக்சபான, விமலசுரேந்திர, மேல்கொத்மலை மின்நிலையங்களை ஓட்டுவதும் இதே தண்ணீர்தான். லக்சபானவில் 1950ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பிறந்தது. அந்த மின்கம்பிகள் நமது தேயிலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தபோது, அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் லயக் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. ஊற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைக் கணக்கில் எடுக்காத பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

காட்டின் கதையும் அப்படித்தான். கோப்பிக்காக மலைகளை வெட்டி எரித்த காலத்தில் கட்டளையிட்டவர்கள் துரைமார். கோடரி பிடித்தவர்கள் சிங்களக் கிராமத்தவர்களும் நமது முன்னோர்களும். மலையெல்லாம் மொட்டையாகி, தண்ணீர் வற்றிவிடும் என்ற அச்சம் வந்த பிறகுதான், 1870களில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தோட்டங்களுக்காக அழிப்பதை வெள்ளைக்கார அரசாங்கம் நிறுத்தியது. அன்று தப்பிய காடுகளில் ஒரு பகுதிதான் இன்று சிவனொளிபாதமலையைச் சுற்றியும் ஹோர்ட்டன் சமவெளியிலும் நிற்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சேர்த்து, 2010இல் இவை உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. இந்தக் காடுகளின் ஓரத்தில் பல இடங்களில் தேயிலை மலையும் லயமும் இருக்கின்றன. காட்டுக்குள் யார் போகிறார், எந்த மரம் விழுந்தது, எந்த ஓடை கலங்கியிருக்கிறது என்பதை முதலில் காண்பவர் கொழுந்து பறிக்கும் தொழிலாளிதான். ஆனால் நீரேந்துப் பகுதியைப் பாதுகாப்பது பற்றிய கூட்டங்களில் அவருக்கு நாற்காலி கிடையாது. மரக்கன்று நடும் நாளில் குழி வெட்டவும் படத்தில் நிற்கவும் மட்டுமே கூப்பிடுகிறார்கள். நட்ட கன்றுக்குப் பிறகு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

முதலில் நிர்வாகங்களைப் பற்றிப் பேசுவோம். தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, கொழுந்தாகக் கையில் வராத வேலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. கான் வெட்டுவது அவற்றில் ஒன்று. சரிவில் குறுக்காக ஓடும் கானும் அதிலுள்ள குழிகளும்தான் மழைத்தண்ணீரை நிறுத்தி, மண்ணைப் பிடித்து, மெல்ல நிலத்துக்குள் இறக்குபவை. கானைத் துப்புரவாக்க ஆள் போடாவிட்டால் முதல் பெருமழையிலேயே அது தூர்ந்துவிடும். அதன்பின் தண்ணீர் நேராக இறங்கும். மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். பொல்கொல்லை அணைக்கட்டிலும் ரந்தம்பை நீர்த்தேக்கத்திலும் படிந்திருக்கும் சேற்றில் தோட்டத்து மண்ணும் உண்டு. வெறுமையாகிப் போன மலைகளில் மானாப் புல் போட்டு மண்ணைத் தேற்றிய பிறகே மறுநடுகை செய்ய வேண்டும் என்பது பழைய கங்காணிமாருக்கும் தெரிந்த பாடம். இன்று அப்படியே காடாக விட்டுவிடுகிறார்கள். அல்லது விறகுக்காகவும் பலகைக்காகவும் ஓடைக்கரை வரை டேர்பன்டைன் மரங்களை வைக்கிறார்கள். வேகமாக வளரும் அந்த மரம் தண்ணீரையும் அதிகமாகவே குடிக்கும். ஊற்றுக்கு மேலே அதை நெருக்கமாக நட்டுவிட்டு, கீழே பீலி ஏன் வற்றியது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

மருந்து அடிக்கும் வேலையும் இதில் சேரும். கிளைபோசேட் 2015இல் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை நீக்கப்பட்டது. எந்த மருந்தாக இருந்தாலும், ஊற்றுக்கு எத்தனை அடி தூரத்தில் அடிக்கலாம், டாங்கியை எங்கே கழுவ வேண்டும் என்பதை மருந்து அடிக்கும் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கையுறையும் முகமூடியும் கேட்டுப் போராடிய நாம், இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தவறிவிட்டோம்.

இதெல்லாம் மரம், மண், தண்ணீர் பற்றிய கதை மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. போவதற்கு வேறு காணி இல்லாத மக்களுக்கு எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? மலையைப் பற்றி நன்கு தெரிந்தவர்கள் அதைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இல்லை என்றால், கடைசியில் கொடுக்கும் விலை உயிர்தான்.

இனி நமது பக்கத்தையும் பேச வேண்டும். நிர்வாகத்தை நோக்கி விரல் நீட்டும்போது, நமது லயத்துக்குப் பின்னால் இருப்பதை மறைத்துப் பேசினால் நமது பேச்சுக்கு மதிப்பிருக்காது.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றில் வைத்த கம்பிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து மாட்டிக்கொண்டது. மிக அபூர்வமாகக் காணப்படும் விலங்கு அது. வனஜீவராசிகள் அதிகாரிகள் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. சுருக்கு வைத்தவர் சிறுத்தைக்காக வைக்கவில்லை, காட்டுப்பன்றிக்காக வைத்தது. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. கேளையாடும் மரையும் மாட்டும். நமது வீட்டு நாயும் மாட்டும். அதற்கு முன்னும் பின்னும் மலையகத் தோட்டங்களில் எத்தனையோ சிறுத்தைகள் இடுப்பில் கம்பி இறுகி, இழுத்து இழுத்து உள்ளே சிதைந்து செத்திருக்கின்றன. உயிரோடு மீட்டாலும் பல பிழைப்பதில்லை.

சுருக்கு வைப்பவரை நாம் முழுக்கக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. நாள் சம்பளம் போதாமல், லயத்துக்குப் பக்கத்திலுள்ள துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டவர், ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டுப் போனால் என்ன செய்வார்? அந்தக் காணிக்கு உறுதி இல்லை, நட்டஈடும் இல்லை. ஆனால் இந்த நியாயம் எல்லோருக்கும் பொருந்தாது. இறைச்சி விற்பதற்காகவே சுருக்குப் போடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை யாரென்று தெரிந்தும் வாய் மூடி இருக்கிறோம். சிறுத்தை நமது நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஒன்று செத்தால் விசாரணை லயத்துக்குத்தான் வரும். பிடிபடுவதும் நமது ஆட்கள்தான். சிறுத்தை குறைந்தால் பன்றி பெருகும் என்பதையும் தோட்டம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆற்றங்கரைகளைக் குடையும் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வும் இப்படித்தான். கெசல்கமுவ ஓயாவை இது பாழாக்கி வருவதை அந்தப் பக்கத்துத் தொழிலாளர்கள் நேரில் காண்கிறார்கள். குழியில் இறங்குபவர் நாள்கூலிக்காரர்; கல்லை விற்றுக் காசு பார்ப்பவர் வேறு எங்கோ இருக்கிறார். கலங்கிய தண்ணீர் மட்டும் நமக்கு மிஞ்சுகிறது.

சிறுத்தையைக் காப்பாற்றச் சொல்கிறீர்களே, அது தொழிலாளியைத் தாக்கினால் சங்கம் என்ன சொல்லும் என்று நமது சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொழுந்து மலையில் சிறுத்தையிடம் காயப்பட்டவர்கள் உண்டு. குளவி கொட்டி உயிரிழந்தவர்களும் உண்டு. அதனால்தான் இதைத் தொழில் பாதுகாப்பு விடயமாகவே நாம் பார்க்கிறோம். காடோரத்து மலைகளில் தனியாக ஆள் போடக் கூடாது. சிறுத்தை நடமாட்டம் தெரிந்த மலைக்கு அன்று ஆள் அனுப்பக் கூடாது. அனுப்பாத நாளுக்கும் பேர் போட வேண்டும். தேயிலைக்குள் குட்டியைக் கண்டால் தொடாமல், கூட்டம் சேர்க்காமல் விலகி வந்து அறிவிக்க வேண்டும். தாய் அருகில்தான் இருக்கும். பயத்தில் சத்தமிட்டு நெருங்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

குப்பையையும் விட்டுவிட முடியாது. பொலித்தீனும் பம்பர்ஸும் கடைசியில் ஓடையில் போய்ச் சேர்கின்றன. கொண்டுபோய்ப் போட இடமில்லை என்பதுதான் இதற்கு எப்போதும் சொல்லும் பதில். நீண்ட காலம் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் தடையாக இருந்தது உண்மை. அந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனி, எங்கள் தோட்டத்துக்குக் குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று நமது வாக்கில் சபைக்குப் போன உறுப்பினரிடம் கேட்கலாம். கேட்பது நமது உரிமை. வண்டி வரும் வரைக்கும் ஓடையில் போடாமல் இருப்பது நமது பொறுப்பு.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு தோட்டத்திலும் குடிநீர் எடுக்கும் ஊற்றுகளைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு சேர்ந்து அடையாளமிட்டு, சுற்றி எல்லை போட வேண்டும். அந்த எல்லைக்குள் மருந்து அடிக்கவோ மரம் தறிக்கவோ கூடாது. டேர்பன்டைனை மெல்ல மெல்ல அகற்றி, அந்தந்த மலைக்குரிய காட்டு மரங்களை வைக்க வேண்டும். கான் துப்புரவு, ஊற்றுப் பராமரிப்பு, சுருக்குக் கம்பி அகற்றுதல் ஆகியவற்றைச் சிரமதானம் என்று ஞாயிற்றுக்கிழமையில் நம் தலையில் கட்டாமல், முழுப் பேர் போட்டுச் செய்விக்க வேண்டும். பன்றியால் பயிர் இழப்பவருக்கு நட்டஈடு வேண்டும். நீரேந்துப் பகுதி பற்றிப் பிரதேச செயலகத்தில் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் தோட்டத் தொழிலாளருக்கு, அதிலும் தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கு, இடம் வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. சில தோட்டங்களில் ஊற்றுக்கருகே ஒரு கல்லை நட்டுக் கன்னிமார் என்று கும்பிட்டு வந்தார்கள். அந்த இடத்து மரத்தில் யாரும் கத்தி வைத்ததில்லை. நிர்வாகமும் சட்டமும் சொல்லாமலே நமது பெரியவர்கள் காத்த எல்லை அது. அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் தோட்டக் கமிட்டிகள் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசட்டும். தலைவரும் மாதர் சங்கத்தாரும் இளைஞர்களும் ஒருநாள் பீலிக் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து, ஊற்று வரைக்கும் போய்ப் பார்த்து வரட்டும். அங்கே கண்டதை எழுதி நமக்கு அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தக் காகிதங்களையும் மேசையில் வைப்போம்.